டீக்கடையில் பேசாதவர்கள்

எதிரிப் படை எல்லைக்கு வந்த சேதியைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்ட ஓர் அரசாங்கம், இனி அந்த வெட்கக்கேடு வேண்டாமென்று உளவுத்துறை ஒன்றைத் தொடங்கியது. போலீசும் இல்லை, ராணுவமும் இல்லை. சீருடையே இல்லாத ஆட்கள். வாசலில் ‘மீன்வள ஆய்வு அலுவலகம்’ என்று பலகை மாட்டினார்கள்.

ஆறே மாதத்தில் ஆட்டோக்காரர்கள், "உளவு ஆபீஸ்தானே, ஏறுங்க" என்றார்கள்.

இயக்குநர் அனந்தராமன் கொதித்துப்போனார். எதிர் டீக்கடைக்காரி தவமணியைக் கூப்பிட்டார்.

"ரகசியத்தை வெளியே விட்டது யாரு? சாயங்காலத்துக்குள்ள பேர் வரலைன்னா உன் கடை அங்கே இருக்காது."

"இப்பவே சொல்றேங்கய்யா. யாரும் சொல்லலை. தாலுகா ஆபீஸ் ஆளுங்களும் என் கடையிலதான் டீ குடிக்கிறாங்க. மேலதிகாரியைத் திட்டாம ஒரு கிளாஸ் காலியாகாது. உங்க ஆளுங்க மட்டும் வாயே திறக்காம குடிச்சிட்டுப் போறாங்க. இதை மீன் ஆபீஸ்னு யாருங்கய்யா நம்புவாங்க?"

இயக்குநர் உத்தரவு ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ஊழியர்கள் அனைவரும் தினமும் கால் மணி நேரம் டீக்கடையில் இயக்குநரைத் திட்ட வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்குக் கடைக்குப் போனவர்கள் பன்னிரண்டாகியும் திரும்பவில்லை. தவமணி இரண்டாவது தடவையாகப் பாலுக்கு ஆள் அனுப்பினாள்.