அண்ணாச்சிய மைக்குல கூப்பிட்ட கேசட்டு

ஏய், பல்லக் காட்டாதீங்கப்பா. கையில போன வச்சு டார்ச் அடிச்சுக்கிட்டே அதே போனக் கட்டிலுக்கு அடியில தேடுனவன் இந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருக்கான். பேரச் சொல்லட்டுமா? வேணாம்ல? அப்பக் கம்முன்னு கேளுங்க.

எங்க தெரு தமயந்தி அக்காவுக்கு ஒரே ஒரு அண்ணன், முத்திருளு அண்ணாச்சி. தொண்ணூத்தாறுல அக்கா கல்யாணத்தப்ப, மாப்பிள்ளைக்கு மாலை போட மச்சினன மைக்குல கூப்பிடவே இல்லன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவரு. "மூணு தடவ கூப்பிட்டோம், அவருதான் பந்தியில பாயாசத்த விட்டு எந்திரிக்கல"ன்னு அக்கா. "கூப்பிடல"ன்னு அவரு. அதோட பேச்சுவார்த்த கட்.

இப்ப அக்கா மகளுக்குக் கல்யாணம், வியாழக்கெழம. தாய்மாமன் இல்லாம புள்ள எப்படி மேடையேறும்? ஆள் விட்டுக் கேட்டதுக்கு அண்ணாச்சி ஒரே வார்த்ததான் சொன்னாரு: "கூப்பிட்டதக் கண்ணுல காட்டு, வர்றேன்."

காட்டலாம். கல்யாண வீடியோ கேசட்டு பீரோவுல பத்திரமா இருக்கு. அதப் போடுற டெக்குதான் ஊருல ஒருத்தர்கிட்டயும் இல்ல.

"கம்ப்யூட்டர்ல ஏத்திக் காட்டிருவோம்க்கா"ன்னு நாங்க பொறுப்பெடுத்தோம். நாங்கன்னா சுருளி, அழகுமணி, நான். மூணு பேரும் காலேஜப் பாதியில விட்டவங்க. சுருளி மட்டும் சேர்றதுக்கு முன்னாடியே விட்டுட்டான்.

மதுரையில ஒரு சர்வீஸ் கடைக்காரருக்குப் போனப் போட்டோம். அவரு சொல்லச் சொல்ல சுருளி ஒரு சீட்டுல எழுதிக்கிட்டான். அதுல ஒரு எழுத்து மீறக் கூடாதுன்னு மூணு பேரும் கையடிச்சோம்.

மொத வரி: "பழைய சாமான் கடையில டெக்கு கெடைக்கும். வேற கேசட்டு ஒண்ணப் போட்டுப் பாத்துட்டு வாங்கு."

போனோம். யாரு வீட்டுதோ ஒரு காதுகுத்து கேசட்டு அங்கயே கெடந்துச்சு. போட்டுப் பாத்தோம். ரெண்டாவது மணி நேரத்துல கடைக்காரரு, "அதான் ஓடுதுல்லப்பா, எந்திரிங்க"ன்னாரு.

அழகுமணி திரும்பிக்கூடப் பாக்கல. "பாத்துட்டுதான வாங்கச் சொல்லிருக்காக? இன்னும் காதே குத்தலயே."

குத்துனாங்க. புள்ள அழுதுச்சு. சுருளியும் அழுதான். கண்ணத் தொடச்சிட்டு டெக்க வாங்கிட்டு வந்தோம்.

அடுத்து, டெக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல மாட்ட பென்டிரைவ் மாதிரி ஒரு கருவி. அதுல மூணு வயரு. "மஞ்சள மஞ்சள்ல குத்து, வெள்ளைய வெள்ளையில குத்து, சிவப்ப சிவப்புல குத்து"ன்னு இருந்துச்சு. எங்க டெக்குல மஞ்ச ஓட்ட இருக்கு, வெள்ள ஓட்ட இருக்கு, சிவப்பு இல்ல.

"வேற டெக்கு பாப்பமா?"ன்னான் அழகுமணி.

"இன்னொரு காதுகுத்த என்னால தாங்க முடியாதுடா"ன்னான் சுருளி.

கல்யாணப் பொண்ணுகிட்ட நகப்பாலிஷ வாங்கி, காத்து போறதுக்கு விட்டிருந்த ஒரு ஓட்டையச் சுத்திப் பூசி, ஊதி ஊதிக் காய வச்சு, சிவப்பக் குத்துனோம். அழகுமணி தள்ளி நின்னு பாத்துட்டு, "கம்பெனிக்காரன் மறந்துட்டான், பாவம்"னான்.

அப்புறம் சாப்ட்வேரு. காசுக்கு ஒண்ணு, சும்மா ஒண்ணு. சும்மா கெடைக்கறதே போதும்னு மதுரைக் கடைக்காரரு சொல்லிருந்தாரு. ஏத்துனோம். 'இடம் பத்தல'ன்னு வந்துச்சு. "தேவையில்லாதத அழி"ன்னு சீட்டுல இருக்கு. எது தேவையில்லன்னு சபை கூடுச்சு.

"கேமு?"

"தேவ."

"அழகுமணி வேலைக்கு எழுதி வச்ச பயோடேட்டா?"

"அழி."

"இப்ப ஏத்துன சாப்ட்வேரு?"

"ஏத்துனதுலருந்து அத ஒரு தடவகூடத் தொட்டதில்லயே, அழி."

அழிச்சோம். மறுபடி ஏத்துனோம். இந்தத் தடவ, 'எல்லாத்தையும் படித்தேன், ஒத்துக்கொள்கிறேன்'ங்கற மாதிரி இங்கிலீஷுல ஒரு கட்டம் வந்து நின்னுச்சு. மேல முப்பத்தெட்டுப் பக்கம்.

"படிக்காம டிக்கு போட்டா பொய்யில்ல?"ன்னான் சுருளி.

"கல்யாண காரியம்டா. பொய்யோட ஆரம்பிக்கக் கூடாது"ன்னான் அழகுமணி.

ஞாயித்துக்கெழம படிக்க ஆரம்பிச்சோம். செவ்வாக்கெழம பதினேழாம் பக்கத்துல, எது கெட்டுப்போனாலும் கம்பெனி பொறுப்பில்லன்னு இருந்துச்சு. சுருளி எந்திரிச்சுட்டான். "எனக்கு இது ஒப்பல. எங்கப்பாவக் கூப்பிடு." அவங்கப்பா கடையப் பூட்டிட்டு வந்து, லேப்டாப்ப மேலயும் கீழயும் பாத்து, "முன்னப்பின்ன இருக்கும்டா, பெருசு பண்ணாத, ஒத்துக்க"ன்னு சமாதானம் பண்ணப்புறம்தான் டிக்கு விழுந்துச்சு.

புதன்கெழம காலையில அக்கா வீட்டுல ரெகார்டிங். "டிவியிலயும் ஒரு வயரக் குடுத்து, படம் அறுபடாம வருதான்னு கண்ணெடுக்காமப் பாரு. முடியற வரைக்கும் எதுலயும் கை வைக்காத"ன்னு சீட்டு. டிவிக்குப் பக்கத்துல லேப்டாப்ப எங்களப் பாத்து வச்சோம். கல்யாணம்ங்கறதால வேட்டி கட்டி வரிசையா உக்காந்தோம். ஒருத்தன் கண்ண இமைக்கறப்ப மத்த ரெண்டு பேரு முழிச்சிருக்கணும்னு முறை வச்சுக்கிட்டோம். அக்கா முறுக்கு குடுத்தாங்க, காபி குடுத்தாங்க.

கேசட்டு ஓட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷத்துல டிவியில மைக்குச் சத்தம்: "மணமகளின் அண்ணன் முத்திருளு எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!" ஒரு தடவ இல்ல, மூணு தடவ! எந்திரிச்சுக் குதிச்சுக் கை தட்டுனோம். அக்கா அழுதே போச்சு.

கடைசி வரி: "முடிஞ்சதும் கேசட்டப் பின்னாடி சுத்தி வை." சுத்துனோம். டெக்கு கேசட்டக் கடிச்சு, உள்ள இருந்த நாடாவ இடியாப்பம் மாதிரி வெளிய தள்ளிருச்சு. போனாப் போகுது, அதான் லேப்டாப்புல ஏறிருச்சே.

மத்தியானம் ஆள் விட்டு அண்ணாச்சிய வரவச்சோம். வெள்ளச் சட்டையோட வந்து கால் மேல கால் போட்டு உக்காந்தாரு. போட்டோம்.

படத்துல நாங்க மூணு பேரு. முறை வச்சு இமைச்சுக்கிட்டு இருக்கோம். டெக்க விட்டுட்டு லேப்டாப்பு அதோட கேமராவுல எங்களப் புடிச்சிருக்கு. சத்தம் இல்ல, அது சிவப்பு ஓட்டையில போயிருச்சுபோல.

யாரும் கை வைக்கல. கை வைக்கக் கூடாதுல்ல? அண்ணாச்சி மூணு மணி நேரமும் பாத்தாரு. படத்துல நாங்க எந்திரிச்சுக் குதிக்கிற எடம் வந்ததும் அக்கா ஓடிப்போய்த் தொட்டுக் காட்டுச்சு. "இந்தா, இங்கதாண்ணே உன்னக் கூப்பிட்டாக!"

படம் முடிஞ்சுச்சு. அண்ணாச்சிக்கு மீச துடிக்குது.

"ஏம்மா, மூணு மணி நேரம் ஓடுது. காபி போகுது, முறுக்கு போகுது. இந்தத் தறுதலைக மூணு பேரு வேட்டி கட்டி உக்காந்திருக்கானுக. இதுக்கும் என்னக் கூப்பிடலயே!"

அக்கா முந்தானைய இழுத்துச் சொருகுச்சு. கல்யாணத்துக்கு வந்து எறங்கியிருந்த மைக்க எடுத்துச்சு. ரெண்டடி தூரத்துல உக்காந்திருந்த மனுசன, தெருவே கேக்க, "எங்கண்ணன் முத்திருளு எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்"னு மூணு தடவ கூப்பிட்டுச்சு.

அண்ணாச்சி எந்திரிச்சு வந்தாரு. அங்க கெடந்த கல்யாண மாலையில ஒண்ணக் கழுத்துல போட்டுக்கிட்டு எங்க நடுவுல உக்காந்தாரு. "மறுபடி எடுங்கடா"ன்னாரு. அணைஞ்சு கெடந்த டிவிய நாலு பேரும் மூணு மணி நேரம் கண்ணெடுக்காமப் பாத்தோம். இமைக்கறதுல நாலாவது முறை அவருக்கு. முடிஞ்சதும் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "இப்பதான் என் தங்கச்சி கல்யாணம் மொறையா நடந்திருக்கு"ன்னாரு. வியாழக்கெழம மேடையில மொத ஆளா அவருதான் நின்னாரு.

சுருளியவும் அழகுமணியவும் திட்டாதீங்கப்பா. அவனுக கண்ணு டிவிய விட்டு நகரல. ரெகார்டு ஆரம்பிச்ச மொத நிமிஷமே லேப்டாப்புல எங்க மூஞ்சிதான் ஏறுதுன்னு நான் பாத்துட்டேன். அன்னைக்கு எனக்குத் தலமுடி நல்லாப் படிஞ்சிருந்துச்சு. விட்டுட்டேன்.