அல்லிக்குளத்துச் சேற்றுவாயன்

வெங்கலப்பட்டியில் நான்கு அறிஞர்கள் இருந்தார்கள். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் வேலை இருந்ததால், அறிஞர்களாக இருக்கும் பொறுப்பு இவர்கள் தலையில் விழுந்தது. ஏகாம்பரம் தலைவர். பலவேசம், திருமேனி, சடகோபன் மூவரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டுகிறவர்கள்.

சடகோபனின் மச்சான் ஒருமுறை பட்டணத்திலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஆளுக்கு ஒரு வீரன். பூதம் எதிரே வந்தால் வீரன் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு வீரனுக்கும் கொஞ்சம் உயிர்ப்புள்ளி உண்டு. அது தீர்ந்தால் ஆள் காலி.

மச்சான் ஊருக்குக் கிளம்பும்போது, "பெட்டியில இருக்கிற பூதமெல்லாம் அலுத்துப்போனா நீங்களே ஒண்ணு உண்டாக்குங்க. அதுக்கு ஒரு பூர்வீகம், ஒரு இருப்பிடம், ஒரு பலம், ஒரு பலவீனம் இருந்தாப் போதும்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. சொன்ன இடம்தான் தவறு.

நால்வரும் உட்கார்ந்தார்கள். பூதத்துக்குச் சேற்றுவாயன் என்று பெயர் வைத்தார்கள்.

"ஏழு வாய் இருக்கட்டும்" என்றான் பலவேசம்.

"ஏழு வாய்க்கு யாரு சோறு போடுறது?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

நியாயம்தான் என்று பட்டது. ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"அது எப்படிக் கெட்டுப்போச்சு? பூர்வீகம் வேணுமே" என்றான் சடகோபன்.

"நல்லாப் படிச்சுது. வேலை கிடைக்கல" என்றான் திருமேனி. மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பலம் என்னவென்றால், நமக்குத் தெரிந்த எந்த உருவத்தையும் அது எடுத்துக்கொள்ளும். பலவீனத்துக்கு மூட்டுவலி என்று ஏகாம்பரம் சொன்னார். அவருக்கு அது இருந்தது. அதைவிடப் பெரிய பலவீனம் உலகத்தில் கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

"இருப்பிடம், எங்கேயோ ஒரு சதுப்புக்காடு" என்றான் பலவேசம்.

"எங்கேயோன்னா சண்டைக்கு எப்படிப் போறது? நடந்து போற தூரத்துல வைங்கப்பா" என்றான் சடகோபன். அப்படியே ஊருக்குத் தெற்கே உள்ள அல்லிக்குளத்தில் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் முகம் வெளுத்து ஓடிவந்தார். "அல்லிக்குளத்துல சேற்றுவாயனைக் குடிவச்சது யாரு?"

"நாமதான்."

"அப்போ அது இப்போ எங்கே இருக்கும்?"

மூவரும் யோசித்தார்கள். வைத்தது வைத்த இடத்தில்தானே இருக்கும்? ஊர்ச்சனம் தண்ணீர் எடுக்கிற குளம். பிள்ளைகள் குளிக்கிற குளம். திருமேனி அழுதேவிட்டான்.

"வேற குளத்துக்கு மாத்தி வச்சிடலாமே?" என்றான் பலவேசம்.

"யாரு தூக்கிட்டுப் போறது? நீயா?"

பலவேசம் பின்வாங்கினான். போரைத் தவிர வேறு வழி இல்லை. பகடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

குளத்தில் கழுத்தளவு சேற்றில் கறுப்பாக ஒன்று படுத்திருந்தது. இரண்டு கொம்பு. ஒரு வாய்.

"எங்க வீட்டு எருமை மாதிரியே இருக்கே" என்றான் சடகோபன்.

"பாத்தியா அதோட சாமர்த்தியத்தை!" என்றார் ஏகாம்பரம். "தெரிஞ்ச உருவம் எடுக்கிற பலத்தை நாமதானே கொடுத்தோம்."

முதலில் யார் முறை என்று பார்க்கப் பகடை உருட்டினார்கள். பூதத்துக்கு விரல் இல்லாததால் திருமேனி அதற்கும் சேர்த்து உருட்டினான். அதற்குக் கடைசி முறை விழுந்தது. ஏகாம்பரம் கரையோரம் போய், "உன்னோட முறை கடைசி. அதுவரைக்கும் அசையக் கூடாது" என்று மரியாதையாகச் சொன்னார். எருமை அசைபோட்டது. ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

"அதன் முழங்காலில் கதாயுதத்தால் அடிக்கிறேன்!" என்று நின்ற இடத்திலேயே முழங்கினார் ஏகாம்பரம். பகடை, அடி விழுந்தது என்றது. எருமைக்கு அது தெரியவில்லை.

"கோடாலியால் கழுத்தில் வெட்டுகிறேன்!" என்றான் பலவேசம். அதுவும் விழுந்தது. எருமை காதை ஆட்டி ஓர் ஈயை ஓட்டியது.

"தாங்குதே! பலத்தை அதிகமா வச்சிட்டோம்" என்று வருந்தினான் திருமேனி.

அடுத்து சடகோபன். அவனுடைய வீரனுக்கு ஆயுதம் கிடையாது. "வாலைப் பிடித்து இழுக்கிறேன்" என்றான். வால் கரைப்பக்கமாகச் சேற்றுக்கு மேலே கிடந்ததால் சேற்றில் இறங்கி நிஜமாகவே இழுத்தான்.

எருமை ஓர் உதை விட்டது. சடகோபன் அல்லிக்கொடிகளுக்கு நடுவே போய் விழுந்தான்.

"அநியாயம்! திருமேனியோட முறை இன்னும் பாக்கி இருக்கு!" என்று எருமையைப் பார்த்துக் கத்தினார் ஏகாம்பரம். திருமேனி அதற்குள் உதையின் வேகத்துக்குப் பகடை உருட்டிவிட்டான். குனிந்து பார்த்தவன் தலையில் கை வைத்தான்.

"சடகோபா, உயிர்ப்புள்ளி தீர்ந்துபோச்சு. நீ செத்துட்டே."

சேற்றைத் துப்பிக்கொண்டே சடகோபன் எழுந்தான். "நிச்சயமாவா?"

"நீயே வந்து பாரு."

அவன் கரையேறி வந்து பகடையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். பிறகு காய்ந்த இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அந்த நேரத்தில் அவன் மனைவி பூரணி எருமையைத் தேடிக்கொண்டு வந்தாள். "வாடி வெளியே" என்று ஒரு குரல் கொடுத்தாள். எருமை எழுந்து வந்தது. பகடைகூட உருட்டாமல் பூதத்தை அடக்கிய பெண்ணை மூவரும் வாய்பிளந்து பார்த்தார்கள்.

"இவரு ஏன் இங்கே படுத்திருக்காரு?"

ஏகாம்பரம் துண்டால் வாயைப் பொத்தினார். "மனசைத் தேத்திக்கோம்மா. சடகோபன் நம்மை விட்டுப் போயிட்டான்."

"இப்பத்தான், கொஞ்ச நேரம் ஆச்சு" என்றான் சடகோபன், கண்ணைத் திறக்காமல்.

பூரணி நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அப்போ சரி. மத்தியானச் சோத்தை எருமைக்கு வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சடகோபனின் கண்ணோரம் நீர் வழிந்தது. "இன்னைக்குக் கத்தரிக்காய் வறுவல்" என்றான். செத்தவனின் கடைசி ஆசை தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று மற்றவர்களும் அழுதார்கள்.

அழுது முடித்துக் கரையோர மூங்கிலை வெட்டிப் பாடை கட்டினார்கள். தூக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. பாடைக்கு நான்கு முனை. தோள் கொடுக்க மூன்று பேர்.

"எப்பவும் நாலு பேராத்தானே இருப்போம்? யாரு குறையுது?" என்று குழம்பினான் பலவேசம்.

"நான்தான்" என்றான் சடகோபன். நண்பர்கள் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்து வந்து நான்காவது முனைக்குத் தோள் கொடுத்தான். பாடை கிளம்பியது.

கடைத்தெருவில் சைக்கிளில் வந்த தபால்காரர் இறங்கிச் செருப்பைக் கழற்றினார். "யாரு போயிட்டது?"

"நான்தாங்க" என்றான் சடகோபன்.

தபால்காரரும் வெங்கலப்பட்டிக்காரர்தான். "அட பாவமே, நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தீங்க! செத்த மனுஷன் நீங்க போய் இதைச் சுமக்கலாமா? தள்ளுங்க" என்று சைக்கிளை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தான் தோள் கொடுத்தார். சடகோபன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தான்.

கொஞ்ச தூரம் போனதும் திருமேனி குரல் தழுதழுக்கச் சொன்னான்:

"எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க. செத்த பிறகும் யாருக்கும் பாரமா இல்ல."