முள்ளில் விரித்த சால்வை

முன்னொரு காலத்தில், மேகங்கள் மலையை விட்டிறங்கித் தெருவில் நடந்த காலத்தில், வெண்முடி என்று ஒரு நாடு இருந்தது. வருஷத்தில் மூன்று மாதம் அங்கே வெயிலே கிடையாது, மூடுபனிதான். எதிர்வீட்டுக்காரர் இருமினால்தான் எதிரில் ஒரு வீடு இருப்பதே தெரியும்.

அதனால் அந்த நாட்டில் எல்லாருக்கும் சால்வை வேண்டும். அதுவும் மூன்று மூலைச் சால்வை. பின்கழுத்தில் மூன்று கண்ணிகளோடு, அதாவது ஊசியில் மாட்டிய மூன்று நூல் வளையங்களோடு தொடங்கி, வரிசைக்கு வரிசை விரிந்து, தோளை மூடி, முதுகில் ஒரு முனையாக இறங்கும். இரண்டு ஊசி, ஒரு நூல், பத்து விரல். நூலைச் சுற்றிச் சுற்றித் துளைவிட்டு, பூவும் இலையுமாகப் பின்னுவார்கள். பின்னி முடித்ததும் பார்த்தால் கசங்கிய கந்தல் மாதிரிதான் இருக்கும். நனைத்து, முட்புதரில் முனைமுனையாக இழுத்து மாட்டினால்தான் துளைகள் கண் திறக்கும்.

துளை வழியாகக் குளிர் புகாதா என்று கேட்பீர்கள். புகாது. துளைக்குள் தங்குகிற உடம்புச் சூடுதான் குளிரைத் தடுக்கிறது.

அந்த நாட்டில் மருதேவன் என்று ஒரு பின்னற்காரர் இருந்தார். ராணிக்குச் சால்வை பின்னுகிறவர். அரண்மனையில் எண்ணுகாரிகள் என்று சில பெண்கள் உண்டு. சால்வையை நடுவில் மடித்து, இடப்பக்கத் துளைகளையும் வலப்பக்கத் துளைகளையும் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் சால்வை திரும்பி வரும். மருதேவனின் சால்வை ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. ஒரு துளை தவறினால், அது நூறு வரிசைக்குக் கீழே இருந்தாலும், நூறு வரிசையையும் அவரே அவிழ்த்துவிடுவார்.

"மூன்று கண்ணியில் தொடங்கு, முள்ளில் விரித்து முடி, நடுவில் தவறினால் அவிழ்." இது அவருடைய பாட்டு.

அவருக்கு ஒரே மகள். தும்பை என்று பெயர். பதினாறு வயது, தாயில்லாத பெண். தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள். ஊருக்கெல்லாம் பின்னுகிற அப்பாவின் தோளில் சால்வை இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தானே ஒன்று பின்ன ஆரம்பித்தாள்.

"அப்பா, இது உங்களுக்கு. தோள் வரைக்கும் வந்துருச்சு, பாருங்க."

மருதேவன் வாங்கிப் பார்த்தார். "இருபதாம் வரிசையில இடது பக்கம் ஒரு துளை குறையுது."

"உங்க முதுகுல வந்து யாருப்பா எண்ணப் போறா?"

"நான் எண்ணிட்டேனே."

நூலைப் பிடித்து இழுத்தார். சால்வை சரசரவென்று அவிழ்ந்தது. தும்பை சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்கினாள். இரண்டாவது முறை முழங்கை அளவு வந்தபோது அவர் ஒரு தவறு கண்டார், இழுத்தார். அந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை, முடிய எட்டே வரிசை இருந்தபோது இன்னொரு தவறு அவர் கண்ணில் பட்டது. தும்பை தண்ணீருக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. அவிழ்த்து, உருண்டையாகச் சுற்றி, அவள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டார்.

"மறுபடி தொடங்கும்மா. தப்பில்லாம வந்தா உனக்குத்தானே பெருமை."

தும்பை குடத்தை இறக்கினாள். உருண்டையைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தாள். மூடுபனிக்குள் முதலில் கால் மறைந்தது, அப்புறம் தலைப்பின்னல் மறைந்தது.

மூன்று நாள் தேடினார் மருதேவன். மூன்றாம் நாள் மலையுச்சியில், ஈரப் பாறையின் மேல் குளிரன் உட்கார்ந்திருந்தான். குளிரன் என்பவன் மூடுபனிக்கெல்லாம் சொந்தக்காரனான மாயாவி. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஜலதோஷம் விடவே விடாது.

"என் மகளை என்ன செஞ்சே?"

குளிரன் தும்மினான். "நான் தூக்கிட்டு வரலை, பின்னற்காரா. அவளா வந்தா. யாரும் பிடிச்சு வச்சுக் குத்தம் பார்க்க முடியாத உடம்பு வேணும்னு கேட்டா. என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான். மூடுபனியாக்கிட்டேன்."

"திருப்பிக் கொடு."

"அவ என்ன இரவல் பாத்திரமா?" மறுபடி தும்மினான். பிறகு என்ன நினைத்தானோ, குரல் தணிந்தது. "ஒரு வழி இருக்கு. ஆடுகள் முள்ளுல விட்டுட்டுப் போற கம்பளியை நீயே பொறுக்கி, நீயே நூற்று, ஒரு சால்வை பின்னு. பின்னி முள்ளுல விரி. அவ வந்து அதுல தங்குவா. ஆனா ஒண்ணு. பின்னினதை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தா அந்த நூல் பஞ்சாய்ப் பறந்துரும். அவகிட்டருந்தும் ஏதோ ஒண்ணு அவிழ்ந்துரும்."

இவ்வளவுதானா என்று மருதேவன் நினைத்தார்.

கோடை முழுதும் கம்பளி பொறுக்கினார். குளிர் வந்ததும் மூன்று கண்ணியில் தொடங்கினார். விடியற்காலையில் மூடுபனி ஜன்னலுக்கு வரும். உள்ளேயிருந்து அந்த முனகல் கேட்கும், பிறகு குரல் கேட்கும்.

"அப்பா, செம்மறி குட்டி போட்டுருச்சா?"

"ரெண்டு போட்டுச்சும்மா. ஒண்ணு உன்னை மாதிரியே துடுக்கு."

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டே பின்னும்போது ஒரு துளை தவறியது. அவருக்குத் தெரியும் முன்பே விரல் நூலை இழுத்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம். சால்வை பஞ்சாகி ஜன்னல் வழியே பறந்தது. மறுநாள் மூடுபனி வந்தது. குரல் இருந்தது. முனகல் இல்லை.

அடுத்த கோடையும் பொறுக்கினார். அடுத்த குளிரிலும் தொடங்கினார். அறுபது வரிசை வந்தபோது கீழே ஒரு தவறு கண்ணில் பட்டது. இந்த முறை விரலைக் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுதும் யோசித்தார். தவறிய சால்வையில் வந்தால் மகள் எப்படி வருவாள்? ஒரு விரல் குறைந்து வருவாளோ, ஒரு கண் குறைந்து வருவாளோ? என் மகளுக்குக் குறையுள்ளதையா கொடுப்பது? அவளுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டு இழுத்தார்.

கேட்கிறவர்களே, முதல் தவறை மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. பாசத்தினால்தான் செய்தார் என்பது உண்மை. அதனால்தான் தெரியவில்லை.

மறுநாள் விடியலில் மூடுபனி ஜன்னலில் தயங்கி நின்றது.

"இது யாரு வீடுங்க?" என்று கேட்டது.

மூடுபனி சற்று நேரம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது.

அதற்கடுத்த கோடையில் அவர் கம்பளி பொறுக்கும்போது குளிரன் வந்தான். "இன்னும் எதுக்கு? அவளுக்கு நீ யாரோ ஒருத்தன். வந்தாலும் உன்னைத் தேடி வர மாட்டா."

"அவளுக்குக் குளிரும்," என்றார் மருதேவன். குனிந்து அடுத்த முள்ளைப் பார்த்தார்.

மூன்றாவது குளிர். மூன்று கண்ணியில் தொடங்கினார். நாற்பது வரிசையானதும் பார்த்தார்: முப்பதாம் வரிசையில், இடது பக்கம், ஒரு துளை இல்லை. விரல்கள் தாமாகவே நூலைத் தேடிப் போயின. எழுந்துபோய்ப் பனித்தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு கைகளையும் முழங்கைவரை விட்டு, மரத்துப்போகும்வரை வைத்திருந்தார். பிறகு வந்து நாற்பத்தோராம் வரிசையைப் பின்னினார். ஒவ்வொரு வரிசையும் திரும்பும்போது கண் அந்த இடத்துக்கே போனது. ஒவ்வொரு முறையும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மேலே பின்னினார்.

நூற்றுப்பத்து வரிசை. கடைசிக் கண்ணியை முடித்து, ஒரு விடியலில் கொல்லைப்புற முட்புதரில் விரித்தார். முனைமுனையாக இழுத்து மாட்டினார். விரல் கிழிந்தது.

மூடுபனி வந்தது. கந்தலாகக் கிடந்த சால்வையில் மெல்லப் படிந்தது. துளைக்கொரு நீர்த்துளியாக நின்றது. நூல் நனைந்து கனத்து, பூக்களும் இலைகளும் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. மருதேவன் பயந்துகொண்டே முப்பதாம் வரிசையைத் தேடினார். இடப்பக்கத்திலிருந்து எண்ணினார். வலப்பக்கத்திலிருந்து எண்ணினார். நடுவில் தொடங்கி எண்ணினார். தவறிய இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை. நனைந்து விரிந்தபோது பக்கத்துத் துளைகள் அதற்கும் இடம் கொடுத்துவிட்டன.

இதற்காகவா அவிழ்த்தேன் என்று புதரடியில் உட்கார்ந்து அழுதார்.

நிமிர்ந்து பார்த்தபோது சால்வைக்குள் இரண்டு தோள்கள் இருந்தன. பிறகு தலைப்பின்னல், பிறகு முகம். தும்பை நடுங்கிக்கொண்டு நின்றாள். ஒரு விரலும் குறையவில்லை.

"ஐயா, ஏன் அழுவுறீங்க? நீங்க யாரு?"

அவளுக்கு எதுவும் நினைவில்லை. என்ன சொன்னாலும் நம்புவாள். நான் உன் அப்பா, ஒருநாளும் உன்னைக் கடிந்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். மருதேவன் அவளை உள்ளே கூட்டிப்போய், அடுப்பருகே உட்காரவைத்து, கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கக் குடிக்க எல்லாவற்றையும் சொன்னார். மூன்று முறை அவிழ்த்ததைச் சொன்னார். பிறகு இரண்டு முறை அவிழ்த்ததையும் சொன்னார். வேண்டுமென்றே செய்த அந்த ஒன்றை மறைக்காமல் சொன்னார்.

தும்பை கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் பின்னினேன்னு சொன்னீங்களே, அது யாருக்கு?"

"எனக்கு."

"கடைசிவரை நீங்க அதைப் போடவே இல்லையா?"

"இல்லை."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். வெளியே மலைப்பாதை தெரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் முதல் முறையாக மூடுபனி விலகியிருந்தது. வெகுநேரம் நிலைப்படியில் நின்றாள். மருதேவன் கூப்பிடவில்லை. கூப்பிடும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"குளிர் உள்ளே வருது," என்றாள் தும்பை. கதவைச் சாத்திவிட்டு வந்து, அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கிண்ணத்தை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

அவர் ஊற்றினார்.

பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டாளா என்று கேட்பீர்கள். கூப்பிட்டாள். அது எத்தனையாவது வருஷம் என்று எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.