வினாடியைப் பிடித்து வைத்த கல்யாணம்

மேலக்கொண்டையூர் பஸ் நிலையத்தில் மணி என்ன என்று யாரையும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பஸ் போய்விடும்.

அவ்வளவு துல்லியம் அந்த ஊரில். டைம் கீப்பர் வீரபாகுவிடம் போய்க் கேட்டீர்களானால், கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "ஏழு மணி நாப்பது நிமிஷம் பன்னெண்டு வினாடி" என்பான். சொல்லி வாயை மூடுவதற்குள் முள் நகர்ந்திருக்கும். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே. "மன்னிக்கணும், பதினஞ்சு... இல்ல, பதினெட்டு..." என்று திருத்திக்கொண்டே போவான். முள் ஓட, அவன் திருத்த, கேட்டவர் தலையாட்ட, பஸ் முக்கில் திரும்பி மறைந்துவிடும்.

தமயந்தி தினமும் கேட்பாள். பக்கத்து ஊர் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். அரிசித் தூசி புகுந்து கெட்டுப்போகிறது என்று கையில் வாட்ச் கட்டுவதே இல்லை. தினமும் மணி கேட்டு, தினமும் பஸ்ஸை விட்டு, அடுத்த பஸ் வரும்வரை அவன் பக்கத்திலேயே நிற்பாள். வேண்டுமென்றேதான் கேட்கிறாள் என்று டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. வீரபாகுவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. பதிலை ஒருநாளாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவன் ஏக்கம்.

கடைசியில் அவளே ஒருநாள் சொன்னாள். "டைம் கீப்பர் சார், மணி கேட்டுக் கேட்டே எனக்கு முப்பத்தெட்டு வயசாயிட்டு. எங்க அண்ணன்கிட்ட வந்து பேசுதீயளா, இல்ல இன்னும் நாலு வினாடி ஆவுமா?"

வீரபாகு அன்றைக்கு வந்த பஸ்களையெல்லாம் தப்பான இடத்தில் நிற்கவைத்தான்.

அண்ணன்காரன் ஒரே வார்த்தைதான் சொன்னான். "குருமலை ஜோசியர் முகூர்த்தம் குறிச்சுக் குடுத்தா எனக்குச் சம்மதம். இல்லைன்னா வேற எடம் பாத்துக்கிடும்."

ஜோசியர் ஜாதகத்தை விரித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"ஏலே வீரபாகு, திங்கக்கெழமை சனி நிக்கான். சனிக்கெழமை செவ்வா நிக்கான். செவ்வாக்கெழமை எல்லாருமா சேந்து நிக்கானுவ. உனக்குக் காலத்துல எடமே இல்ல. காலக் கணக்குலயே இல்லாத ஒரு நேரம் இருந்தா கொண்டா, குறிச்சுத் தாரேன்."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பான். வீரபாகு, "சரி சாமி, எப்பக் கொண்டாரணும்?" என்று கேட்டுவிட்டு, நேரே சங்கத்துக்குப் போனான்.

துல்லிய நேர அன்பர்கள் சங்கம் மாவு மில் மாடியில் இருந்தது. தலைவர், தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பொன்னரங்கம் அண்ணாச்சி. மற்றவர்கள் மில்காரர் ஏகாம்பரமும், மைக் செட் சூசையும், வீரபாகுவும். கூட்டம் சரியாக ஆறு மணிக்குத் தொடங்கும். அவரவர் வாட்சில் ஆறு அடிக்கும்போது அவரவருக்காக ஒரு தடவை தொடங்கும்.

சாமானியப்பட்ட சங்கம் இல்லை அது. ஒரு வருஷம் முந்தி அணுக் கடிகாரமே செய்யப் பார்த்தார்கள். ஒரு அணு தொள்ளாயிரத்துப் பத்தொன்பது கோடிச் சொச்சம் தடவை துடித்தால் ஒரு வினாடி என்று தலைவர் எங்கேயோ படித்துவிட்டார். "எண்ணினாப் போச்சு" என்றார். அணுவுக்கு எங்கே போவது? ஏகாம்பரம் கீழே இறங்கிப் போய் ஒரு சிட்டிகை கோதுமை மாவு கொண்டுவந்து தாளில் வைத்தார். "இதுல கண்டிப்பா ஒண்ணாவது இருக்கும்." நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து எண்ணினார்கள். எண்ணூறு வரைக்கும் நல்லபடியாகப் போனது. அப்போது சூசைக்குத் தும்மல் வந்தது. அணு பறந்துவிட்டது.

வீரபாகு மூச்சிரைக்க மாடியேறி வந்து விஷயத்தைச் சொன்னான். தலைவர் முகம் மலர்ந்தது. பேப்பரைத் தூக்கிக் காட்டினார்.

"உனக்குன்னே வந்திருக்குவே. பூமி சுத்துறதுல சோம்பல் தட்டிட்டாம். அதனால வெளிநாட்டுல நேரம் பாக்குத ஆபீசுல ஒரு வினாடி கூடச் சேக்காவ. வாற ஆனி மாசம், ஜூலை ஒண்ணாந்தேதி விடியக்காலம். அஞ்சு இருபத்தொம்பது அம்பத்தொம்பதுக்கு அடுத்தாப்ல அஞ்சரை வராது. நடுவுல அறுபதுன்னு ஒண்ணு வரும்."

"அது யாரு வினாடி அண்ணாச்சி? சனிக்கா, செவ்வாய்க்கா?" என்றான் வீரபாகு.

"ஒருத்தனுக்கும் கிடையாது. எந்தக் கிரகத்துக்கும் அதுல பட்டா இல்ல. புறம்போக்கு."

ஏகாம்பரம் முகத்தைச் சுளித்தார். "புறம்போக்குல தாலி கட்டலாமா?"

"வீடே கட்டுதான். தாலி கட்டக் கூடாதா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஜோசியர் பஞ்சாங்கத்தை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டினார். அந்த வினாடி அதில் இல்லை. கொடுத்த வாக்கு கழுத்தைப் பிடித்தது.

"கட்டிக்கோ. ஆனா அந்த வினாடிக்குள்ள மூணு முடிச்சும் விழணும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. உனக்கு வேற நேரம் இந்த ஜென்மத்துல கிடையாது."

"எனக்கும் அதே பேச்சுதான்" என்றான் தமயந்தியின் அண்ணன்.

அதற்குள் சூசை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "இங்கிலீசுல இதுக்கு லீப் செகண்டுன்னு பேரு. லீப்னா தாவுறது. அகராதியில பாத்துட்டேன்."

"யாரு தாவணுமாம்?" என்று கேட்டான் வீரபாகு.

"அது போடல."

"போடலைன்னா எல்லாரும்தான்" என்றார் தலைவர்.

ஒத்திகை ஆரம்பமானது. வீரபாகு மில் தூணுக்கு முன்னால் நின்று, தாவி, ஆகாயத்தில் இருக்கும்போதே கயிற்றில் முடிச்சுப் போட்டான். முதல் தடவை தூணோடு தன் விரலைக் கட்டிக்கொண்டான். இரண்டாம் தடவை ஏகாம்பரத்தின் காதைக் கட்டினான். காதை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது ஏகாம்பரத்துக்கு ஞானம் பிறந்தது.

"ஏ நிறுத்துங்கப்பா! எல்லாரும் ஒண்ணாத் தாவினா பூமிக்குப் பாரம் குறையும்லா? பாரம் குறைஞ்சா சுறுசுறுப்பாச் சுத்தும். சோம்பல் போயிட்டுன்னு தெரிஞ்சா வெளிநாட்டுக்காரன் வினாடியை ரத்து பண்ணிருவான்!"

வீரபாகுவுக்கு முகம் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து அவன் பாதத்தைத் தரையிலிருந்து தூக்கவே இல்லை. தேய்த்துத் தேய்த்தே நடந்தான். பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கியவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, "மெள்ள இறங்குங்க, என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு" என்று கெஞ்சினான்.

தாவல் ரத்தானது. ஆனால் நின்ற இடத்தில் நின்று கட்டினாலும் மூன்று முடிச்சுக்கு அவனுக்கு அரை நிமிஷம் பிடித்தது.

"வினாடி சின்னது, கை பெருசு. நான் என்ன செய்வேன் அண்ணாச்சி?"

தலைவர் தன் வாட்ச் சாவியை வெளியே இழுத்துப் பார்த்தார்; முள் நின்றது. "வினாடி வந்ததும் அதைப் பிடிச்சு நிறுத்திருவோம். எல்லாரும் ஒரே சமயத்துல வாட்ச் சாவியை இழுத்துட்டா அது எங்கன போவும்?"

"வாசல் வழியா ஓடிட்டா?" என்றான் சூசை.

"கதவைச் சாத்து."

அந்த நாளும் வந்தது. விடியக்காலை இருட்டில் மண்டபம் நிறைய ஜனம். மேடையில் தமயந்தி அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீரபாகு, மஞ்சள் கயிறும் கையுமாக. சூசை ஒரு காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு மைக்கில் எண்ணினான். "அம்பத்தேழு... அம்பத்தெட்டு... அம்பத்தொம்பது... வந்துட்டு, பிடி!"

மண்டபத்தில் இருந்த அத்தனை வாட்சுகளின் சாவியும் ஒன்றாக இழுபட்டன. சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரி பிடுங்கப்பட்டது. ஏகாம்பரம் ஓடி ஓடிக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினார். கெட்டிமேளம் முழங்கியது.

"மேளத்தை நிறுத்து! தாளம் போட்டா நேரம் போயிரும்!" என்று தலைவர் அலறினார். மேளம் நின்றது. நிம்மதியாகச் சிரித்தார். "பிடிச்சாச்சு மாப்ளே. வினாடி நம்ம கையில. ஆற அமரக் கட்டு."

வீரபாகு கையைத் தூக்கினான்.

"அசையாதே!" என்று கத்தினார் ஏகாம்பரம். "கை இங்கேருந்து கழுத்துக்குப் போவணும்னா நேரம் ஆவும். இங்க நேரமே நிக்கி. அந்த நேரத்துக்கு அவன் எங்கன போவான்?"

அது உண்மைதான். அவன் கொஞ்சம் அசைந்தாலும் வினாடி கசிந்துவிடும்.

ஆகவே யாரும் அசையவில்லை. வீரபாகு தூக்கிய கை தூக்கியபடி இருந்தான். சமையல்காரர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினார். "இட்லி ஆறுது, பந்தி போடலாமா?"

"ஆறாதுவே. இங்க நேரம் நிக்கி" என்றார் தலைவர்.

"அங்க ஆறுதே!"

"அப்போ சமையக்கட்டுல நேரம் ஓடுது! சாத்துவே கதவை, உள்ள வந்துரப் போவுது!"

கதவிடுக்கில் முதலில் இட்லி சாம்பார் வாசனை வந்தது. நெடுநேரம் கழித்துப் பாயச வாசனை வந்தது. அதற்கும் ரொம்பப் பிறகு, டீயும் பஜ்ஜியும் மணத்தன. பெண்ணின் சித்தி கால் மரத்துவிட்டது என்று முனகினாள். "ஒரு வினாடியில யாருக்காவது கால் மரக்குமா? சும்மா இருங்க" என்று அவளை அடக்கினார்கள்.

வீரபாகு மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றுக்கும் தமயந்தியின் கழுத்துக்கும் நடுவே நாலு விரற்கடைதான் தூரம். எந்த ஊருக்கு எந்த பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று அவன் தூக்கத்திலும் சொல்லுவான். இந்த நாலு விரற்கடைக்கு மட்டும் எந்த வண்டியும் இல்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அது வழிந்தால் அதற்கும் நேரம் ஆகுமே என்று அடக்கிக்கொண்டான்.

தமயந்தி அதைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"தலைவர் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வாட்ச் சாவியை இழுத்தவங்களுக்குத்தானே வினாடி நிக்கி?"

"ஆமா தாயி."

"நான் வாட்சே கட்டலியே."

தலைவரும் ஏகாம்பரமும் சூசையும் தலையைத் திருப்பாமல், கண்களால் மட்டும் கூடிப் பேசினார்கள்.

"விதிப்படி சரிதான்" என்றார் தலைவர் கடைசியில். "உனக்கு மட்டும் ஓடுது."

தமயந்தி முன்னால் நகர்ந்து, கழுத்தைக் கயிற்றுக்குள் கொண்டுவந்தாள். கைகளைப் பின்னால் விட்டு அவன் விரல்களைப் பிடித்தாள். வருஷக்கணக்காகச் சாக்குமூட்டை கட்டிப் பழகிய கை. அவன் விரல்களை வைத்தே முதல் முடிச்சை இறுக்கினாள்.

"நான் அசையல. எல்லாரும் பாத்துக்கிடுங்க, நான் அசையல" என்றான் வீரபாகு.

"யாரு அசையச் சொன்னா? சும்மா இரிங்க" என்று இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதைப் போடும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் அந்த முடிச்சு கொஞ்சம் கோணல்.

ஜோசியர் கொட்டாவி விட்டபடியே எழுந்து வந்து தலைவரின் வாட்சை எட்டிப் பார்த்தார். முள் அறுபதிலேயே நின்றது. "முகூர்த்தம் தப்பல" என்றார். அண்ணன்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்சதையை அள்ளி வீசினான். நாள் முழுக்க அடக்கிவைத்திருந்த மேளம் வெடித்துக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் வாட்ச் சாவியை உள்ளே அழுத்தினார்கள். உலகத்துக்கு அஞ்சரை மணி ஆனது.

"பொண்ணு மாப்பிள்ளை வெளிய வந்து, சூரியன் உதிக்கவும் கும்பிட்டுக்கிடுங்க" என்றார் தலைவர்.

கதவைத் திறந்தார்கள். வானம் செக்கச்செவேலென்று கிடந்தது. மில் புகைபோக்கிக்குப் பக்கத்தில், மேற்கே, சூரியன் நின்றுகொண்டிருந்தது.

"என்னவே, மேக்க உதிக்கி!" என்றான் சூசை.

"மேக்க உதிச்சது இருக்கட்டும்" என்றார் தலைவர், வாட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு. "இப்பத்தான் அஞ்சு முப்பத்திரண்டு. ஆறு மணிக்குல்லா வரணும்? முந்தி வந்துட்டான்!"

வீரபாகுவுக்குக் கடமை உணர்ச்சி பொங்கியது. கல்யாண நாள் என்றால் என்ன? நேரத்துக்கு முந்தி வந்த வண்டியை உள்ளே விட அவனால் முடியாது. மடியிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஊதினான். மாலை குலுங்க ரோட்டு நடுவே போய் நின்று, மேற்கே பார்த்துக் கையை வீசினான்.

"ஏ, பின்னால எடு! பின்னால எடு! நேரத்துக்கு வா!"

சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. புகைபோக்கிக்குக் கீழே போனது. கூரைக்குக் கீழே போனது. பிறகு காணவே இல்லை.

வீரபாகு விசிலை மடியில் செருகிக்கொண்டு, பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தியா? ஒரு டிரைவராவது இப்படி மறுபேச்சு பேசாமப் பின்னால எடுத்திருக்கானா?"