வளைக்குள் இருந்த பாசிச் சாறு

கடலோரக் காட்டில் ஒரு குட்டை. அதன் கரையில் ஒரு துண்டு தினைக்கொல்லை. அதை விதைத்து வளர்த்தது ஒரு வெள்ளெலி. வளைக்குள் அதற்கு ஐந்து குட்டிகள். தினை விளைந்தால்தான் மழைக்காலத்தில் அவற்றுக்குச் சாப்பாடு.

ஒருநாள் கடற்கரையிலிருந்து நண்டு ஒன்று கொட்டாங்குச்சியை இழுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் கடற்பாசியை ஊறவைத்துப் பிழிந்த சாறு.

"தங்கச்சி! இந்த வருஷம் அனல்காத்து சீக்கிரமே வரும்போல இருக்கு. கதிர் வெளியே வர்றதுக்குள்ள இதைத் தண்ணியில கலந்து இலையில தெளிச்சிடு. பயிர் சூட்டைத் தாங்கும்!" என்றது நண்டு.

சொன்னதோடு நிற்கவில்லை. வரப்போரம் மூன்று பயிர்களுக்குத் தானே தெளித்தும் காட்டியது.

"நீங்க போங்க அண்ணே, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்!" என்றது எலி.

என்னத்தைப் பார்த்தது! எலிப் புத்தி எங்கே போகும்? எது கிடைத்தாலும் வளைக்குள் பதுக்கத்தானே தெரியும்! 'பயிர்தான் பச்சைப்பசேல்னு நிக்குதே, இப்பவே எதுக்கு வீணாக்கணும்? வாடினா பாத்துக்கலாம்' என்று சாற்றை வளையின் மூலையில் வைத்து இலையால் மூடிவிட்டது.

கதிர் வந்தது. பூ வந்தது. கூடவே அனல்காற்றும் வந்தது. எட்டு நாள் விடாமல் அடித்தது. குட்டைத் தண்ணீரே சுட்டது.

இலைகள் சுருண்டதும் எலி பதறிப்போய்ப் பாதிச் சாற்றைத் தெளித்தது. சில நாளில் காற்றும் தணிந்தது. இலைகள் மெல்ல விரிந்தன. கதிர்கள் நெட்டுக்குத்தலாய் நின்றன.

அறுப்புக்கு நண்டு வந்தது. "பாத்தீங்களா அண்ணே! என் கதிரெல்லாம் எப்படி நிமிந்து நிக்குது!" என்று எலி துள்ளியது.

நண்டு ஒரு கதிரைக் கொடுக்கால் நசுக்கிப் பார்த்தது. உமிதான் பறந்தது.

"ஐயோ தங்கச்சி! மணி இருந்தா கனத்துல வளைஞ்சிருக்குமே! பூவிலேயே கருகிடுச்சு. எல்லாம் பதர்!"

"இன்னும் பாதிச் சாறு இருக்கே அண்ணே! இப்ப தெளிச்சா மணி பிடிக்காதா?"

"பிடிக்காதும்மா" என்றது நண்டு.

வரப்போரம் மூன்று கதிர்கள் மட்டும் மணி பிடித்து வளைந்திருந்தன. அவை நண்டு தெளித்துக் காட்டிய பயிர்கள்.

மழை வந்தது. மூன்று கதிர் ஐந்து குட்டிகளுக்கு எத்தனை நாள் காணும்? பாவம், உமியைக்கூட மென்று பார்த்தன. கார்த்திகை முடிவதற்குள் இரண்டு குட்டிகள்தான் மிஞ்சின. மூலையில் அந்தப் பாதிச் சாறு அப்படியே இருந்தது.

ஆபத்து வருமுன் கொடுக்க வேண்டியதை, வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று பதுக்கி வைப்பவருக்கு, அது கையில் இருந்தும் இல்லாததுதான்.