ஆஃப் பண்ண முடியாத கம்ப்யூட்டர்

வாங்க வாங்க. போன்ல சார்ஜ் கொறஞ்சா மூஞ்சி கருத்துப் போற கூட்டமெல்லாம் முன்னாடி வந்து உக்காருங்க. டிவி ஓடலன்னா தலைல ரெண்டு தட்டு தட்டுற இன்ஜினியருங்க நடுவுல. நல்லா ஓடிட்டு இருந்த மிக்சியக் கழட்டிப் பாத்து, திரும்ப மாட்டும்போது நாலு ஸ்க்ரூ மிச்சம் வச்ச மேதைங்க கடைசி வரிசை. உன்னத்தான்யா சொல்றேன், பின்னாடி திரும்பிப் பாக்காத. இப்ப மூணு பேர் கதை சொல்லப்போறேன். சிரிங்க. ஆனா சிரிக்கிற தகுதி இருக்கான்னு ஒரு தடவ யோசிச்சுட்டு சிரிங்க.

வெட்டிக்குளத்துல பூமிநாதன்னு ஒருத்தன். பன்னெண்டாவதோட படிப்புக்கு கும்பிடு போட்டவன். கூட்டாளிங்க ரெண்டு பேரு, தவசியும் சங்கிலியும். தவசிக்குக் கல்யாணம் ஆயிருச்சு. சங்கிலிக்கு ஆகாது. வித்தியாசம் அவ்ளோதான்.

பூமிக்கு ஒரு கண்டம் இருந்துச்சு. அவங்கப்பா வெள்ளைச்சாமி முடிவா சொல்லிட்டாரு: "திங்கக்கிழமை சூலூர் பஸ் ஏறுற. மாமா புரோட்டாக் கடைல வெங்காயம் உரிக்கிற. ஆயுசு பூரா."

வெங்காயம்னு காதுல விழுந்தாலே பூமிக்குக் கண்ணு கலங்கும். கால்ல விழுந்து கெஞ்சினான். ஞாயித்துக்கிழமை சமுதாயக் கூடத்துல ஐடிஐக்காரங்க கண்காட்சி வைக்கிறாங்க. அங்க இவனோட கம்ப்யூட்டரு ஓடிட்டு இருந்தா ஊர்லயே இருந்துக்கலாம். ஓடலன்னா வெங்காயம். அப்பாவும் சரின்னுட்டாரு.

கம்ப்யூட்டர்னா பெருசா நெனைக்காதீங்க. தீப்பெட்டி அளவுல ஒரு பச்சைத் தகடு. மூடி கெடையாது, தெரை கெடையாது, கீபோர்டு கெடையாது. ரெண்டு பிரியாணி வெலைக்கு வேற என்ன தருவான்? தபால்ல வந்துச்சு. பூமி கடைக்காரருக்குப் போன் போட்டான்.

பாவம், அவரு நல்லாத்தான் சொன்னாரு. "வெறுங்கையால தொடாதீங்க தம்பி. மொதல்ல சார்ஜர்ல மாட்டி லைட் எரியுதான்னு பாருங்க. சூடாகும், காத்தோட்டமா வைங்க. மெமரி கார்டை ஆஃப்ல இருக்கும்போது மட்டும்தான் சொருகணும். முக்கியமா, ஷட்டவுன் பண்ணாம கரன்ட்டப் பிடுங்கவே கூடாது."

வெறுங்கை கூடாதுன்னதால தவசி வீட்டு அடுப்படிலருந்து இடுக்கி வந்துச்சு. இடுக்கில தூக்கி, தவசி படுக்கற ரூம்ல சார்ஜர மாட்டி, ஃபேனுக்கு நேர் கீழ வச்சானுங்க. செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. மூணு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டானுங்க.

"இப்ப கார்டப் போடு," ன்னான் தவசி.

"ஆஃப்ல இருக்கும்போதுதான் போடணும்," ன்னான் பூமி.

"அப்ப ஆஃப் பண்ணு."

"ஷட்டவுன் பண்ணாம ஆஃப் பண்ணக் கூடாது."

"அப்ப ஷட்டவுன் பண்ணு."

"இதுக்கு மூளையே அந்தக் கார்டுலதான்டா இருக்கு. அது போட்டாத்தான் ஷட்டவுன் பண்ண முடியும்."

மூணு பேரும் செவப்பு லைட்டயே பாத்தானுங்க. சங்கிலிதான் சொன்னான்: "விடு பூமி. ஓடணும்னுதானே உங்கப்பா சொன்னாரு? ஓடுது. நிறுத்தாமப் பாத்துக்குவோம்."

அன்னிக்கி ராத்திரியிலருந்து தவசி பொண்டாட்டி பவானி, பூமி தகட்டுக்குக் காவல் உக்காந்திருக்க அந்த ரூமுக்குள்ள வரமாட்டேன்னுட்டு கூடத்துல படுத்தா.

ஞாயித்துக்கிழமை காலைலதான் அடுத்த சிக்கல் ஞாபகத்துக்கு வந்துச்சு. கம்ப்யூட்டரு இங்க. கண்காட்சி அங்க.

"பவர் பேங்க்ல மாட்டிட்டா போச்சு," ன்னான் தவசி.

"அதுல மாட்ட இதப் பிடுங்கணும்ல?" ன்னான் பூமி.

"ஒரே ஒரு நொடிதான் மாப்ள."

"உன் மூக்க ஒரே ஒரு நொடி கழட்டித் தரியா?"

தவசி மூக்கத் தொட்டுப் பாத்துட்டு, தப்பு தன்மேலதான்னு ஒத்துக்கிட்டான்.

அப்பத்தான் சங்கிலி எந்திரிச்சான். "டேய், கரன்ட்டுலருந்து கம்ப்யூட்டரப் பிரிக்கக் கூடாது. சரி. சுவத்துலருந்து கரன்ட்டப் பிரிக்கக் கூடாதுன்னு அந்தக் கடைக்காரரு சொன்னாரா?"

சொல்லல. வாஸ்தவத்துல அவரு அதச் சொல்லவே இல்ல.

தவசி வீட்ல இன்வெர்ட்டர் இருந்துச்சு. அதையும் பேட்டரியையும் தண்ணி கேன் வண்டில ஏத்துனானுங்க. அதுலருந்து ரூமுக்குப் போற ஒயர ஆணியோட சுவத்துலருந்து உரிச்சானுங்க. சார்ஜர் மாட்டுன சுவிட்சு பெட்டிய, மாட்டுனது மாட்டுனபடி, கால் சுவத்தோட பேத்து எடுத்தானுங்க. அதே பெட்டிலருந்துதான் டியூப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒயரு போகுது.

"ஃபேன ஆஃப் பண்ணிட்டுக் கழட்டுவோம்டா, தலைய சீவிரும்," ன்னான் தவசி.

"இதுல எது ஃபேன் சுவிட்சு?" ன்னு பூமி கேட்டான்.

"நடுவுல உள்ளதுன்னு நெனைக்கிறேன்."

"உன் வீடுதானேடா?"

"அவதான் போடுவா, அவதான் நிறுத்துவா. எனக்கென்ன தெரியும்?"

தப்பான சுவிட்சத் தட்டினா வெங்காயம். பவானியக் கேக்கலாம்னா, சுவத்துல ஓட்டை போட்டதுலருந்து அவ இவனுங்களோட பேசறதில்ல. அதுவுமில்லாம காத்தோட்டம் வேற வேணும். ஆகமொத்தம் ஃபேன் சுத்த சுத்தவே மூங்கில் கம்புல கட்டி, முன்னாடி தவசி, பின்னாடி சங்கிலி தோள்ல தூக்கிட்டானுங்க. டியூப் லைட்ட வண்டில நட்டுக்க நிறுத்தி, வண்டியத் தவசி இடுப்புல கயித்தால கட்டுனானுங்க. ஃபேனுக்கு அடியில பூமி, ரெண்டு கையிலயும் தாம்பாளம், தாம்பாளத்துல துண்டு, துண்டு மேல கம்ப்யூட்டரு. குனிஞ்சே நடந்தான்.

பவானி தலகாணியக் கக்கத்துல இடுக்கிட்டு கூடவே கெளம்பிட்டா.

"நீ எங்கடி வர்ற?"

"என் ஃபேன் எங்க போகுதோ அங்கதான் நான் தூங்குவேன்."

கடைவீதில போகும்போது எதிர்ல வந்த ஒருத்தரு செருப்பக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. டீக்கடைல உக்காந்திருந்தவங்க, வெயிலுக்குக் காத்து நல்லா வருதுன்னு பின்னாலயே நடந்தாங்க. வண்டி சமுதாயக் கூடத்துக்குள்ள நொழையும்போது பாதி தெருவு உள்ள வந்துருச்சு.

ஐடிஐலருந்து வந்தவங்க ஜெசிந்தா மேடம். மூக்குக் கண்ணாடியக் கீழ எறக்கி ஃபேனப் பாத்தாங்க. டியூப் லைட்டப் பாத்தாங்க. தலகாணியப் பாத்தாங்க. கடைசியா தாம்பாளத்தப் பாத்தாங்க.

"என்னப்பா இது?"

"கம்ப்யூட்டரு மேடம். ஓடுது."

"ஓடி என்ன செய்யுது?"

பூமி ஓரக்கண்ணால பாத்தான். பக்கத்துல அப்பா நிக்கிறாரு, சட்டைப் பையில சூலூர் டிக்கெட் வெளிய தெரியுது. "ஓடுது மேடம்."

"கார்டே போடலையேப்பா. இதப் பிடுங்கிட்டு..." ன்னு மேடம் கைய நீட்டுனாங்க. பூமி அலறுனான் பாருங்க, ஃபேனே ஒரு சுத்து மெதுவா சுத்துச்சு. வந்த ஊருசனம் மொத்தமும் மேடத்தப் பாத்து, "கொலைப் பாவம்மா, கைய எடுங்க" ன்னுச்சு.

மேடம் கைய எடுத்துட்டாங்க. வண்டியச் சுத்தி வந்தாங்க. "ஒரு ரூமோட ஒயரிங்க ஒரு நொடி கூட கரன்ட்டு போகாம தெருத்தெருவா இழுத்துட்டு வந்திருக்கீங்க. யாரும் சாகல. கம்ப்யூட்டரு உனக்கு வேணாம் தம்பி. எலக்ட்ரீஷியன் பிரிவுல எடம் இருக்கு. நாளைக்குக் காலைல சர்டிபிகேட்டோட அப்பாவக் கூட்டிட்டு வா."

வெள்ளைச்சாமி அங்கயே டிக்கெட்டக் கிழிச்சுட்டாரு. பூமி அழுதான். இந்தத் தடவ வெங்காயத்துக்கு இல்ல.

இன்வெர்ட்டர சமுதாயக் கூடத்து கரன்ட்டுலயே மாட்டி, நாங்க அங்கயே தங்கிட்டோம்னு வைங்க. மறுநாள் காலைல அப்பா வெள்ளை வேட்டி கட்டிட்டு அங்க வந்து நின்னாரு. "கெளம்புடா."

"எப்படிப்பா? இத யாரு ஷட்டவுன் பண்றது?"

"நீ பண்ணுவியா?"

"யாராலயும் பண்ண முடியாது. அதனாலதான் ஒரு ஆளு கூடவே இருக்கணும்."

வெள்ளைச்சாமி யோசிச்சாரு. நியாயமாத்தான் பட்டுச்சு. "மேடம் சர்டிபிகேட்டும் அப்பாவும்தானே கேட்டாங்க? ரெண்டும் இருக்கு," ன்னுட்டு, பையன் சர்டிபிகேட்ட மடில கட்டிட்டு பஸ் ஏறிட்டாரு. போனவரு திரும்பல, அவரே சேந்துட்டாரு. இப்ப மொத பெஞ்சு. போன வாரம் டெஸ்டுல அவருதான் ஃபர்ஸ்ட்டு. பூமி இங்க தாம்பாளத்தோட உக்காந்துக்கிட்டு, அப்பா பாஸானதுக்கு ஊருக்கு முட்டாய் குடுத்தான்.

என்ன சிரிப்பு? இவ்ளோ நேரமா உங்களுக்குக் காத்து எங்கருந்து வருதுன்னு நெனச்சீங்க? அந்தச் சங்கிலி நான்தான். அந்தப் பக்கம் தவசி நின்னுக்கிட்டே தூங்குறான். எனக்குத் தோள்பட்டை எறங்கிப் போச்சு. எவனாச்சும் எந்திரிச்சு வந்து இந்தக் கம்பப் புடிங்கடா.