வளையத்தைப் பெற்ற தூசி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது போன பனிக்காலத்தில் நடந்தது. ஒரு மலை உச்சியில் ஒரு பெரிய தொலைநோக்கி இருந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு தூசி இருந்தது. இது தொலைநோக்கியின் கதை என்று நீங்கள் நினைக்கலாம். தொலைநோக்கியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

தூசிக்கு அங்கே என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. டாக்டர் குழந்தைவேலு என்கிற வானியல் ஆராய்ச்சியாளரின் நீலக் கம்பளிச் சட்டையில் தொற்றிக்கொண்டு, டிக்கெட் எடுக்காமல் மலையேறி வந்தது. அவர் கேமராப் பெட்டியைத் திறந்து ஏதோ ஒரு திருகாணியை முடுக்கினாரா, நைசாக உள்ளே குதித்துவிட்டது. கேமராவுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் நட்டநடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வானத்திலிருந்து வருகிற அத்தனை வெளிச்சமும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கேமராவுக்குப் போயாக வேண்டும். 'இனிமேல் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் நான் இருப்பேன்' என்று தூசிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஒரு படத்திலும் அது இல்லை.

காரணம், அந்த நிலையத்தில் இருந்த ஒரு வழக்கம். சூரியன் விழுந்து, நட்சத்திரம் ஒன்றும் தலைகாட்டாத அந்தக் கொஞ்ச நேரத்தில், கூரையைத் திறந்து வெறும் வானத்தைப் படம் எடுப்பார்கள். அதில் ஒன்றுமே இருக்காது. ஒன்றுமே இல்லாத படத்தில் கறை தெரிந்தால் அது நம் வீட்டு அழுக்கு, வானத்து அழுக்கு இல்லை. எங்கே அழுக்கின் நிழல் விழுகிறதோ, அங்கே அந்த அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டு ராத்திரி எடுக்கும் படங்களைச் சரிசெய்துவிடுவார்கள். தூசியின் நிழல் ஒரு மங்கலான கறுப்பு வளையமாக விழும். வெற்று வானப் படம் அதைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிடும். காலையில் பார்த்தால் தூசி இருந்த சுவடே இருக்காது.

"கேமரா அண்ணே, ராத்திரி பூரா கண் கொட்டாம உக்காந்திருக்கேன். ஒரு படத்துலகூட என்னைக் காணோமே?" என்று தூசி கேட்டது.

கேமரா எப்போதும் உறைபனியைவிடக் குளிரில் கிடக்கிறவன். அவனுக்குக் கோபமும் வராது, சிரிப்பும் வராது. "என்மேல விழுற வெளிச்சத்தை எண்ணுவேன். எண்ணினதைச் சொல்லுவேன். சட்டியில இருந்தா அகப்பையில வரும். அதுக்கப்புறம் அவங்க என்ன தாளிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

கீழே படுத்திருந்த பெரிய கண்ணாடி கனைத்தது. வெளிச்சத்தைக் குவித்து மேலே அனுப்புகிறவர் அவர்தான். தொலைநோக்கியின் ராஜா என்று தனக்குத் தானே பட்டம் கட்டிக்கொண்டவர். "ஏய் தூசி, உன்னைக் கழிச்சுட்டுத்தான் இங்க ஆகாசத்தையே பாக்குறாங்க. படத்துல வேற வரணுமாம்! ஆசையைப் பாரு!"

தூசிக்கு முகம் சுண்டிப்போனது. அழுகைகூட வந்தது. தூசி அழுதால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

ஒருநாள் மத்தியானம், ஃபில்டர்களை மாற்றும் சக்கரம் 'கடக்'கென்று சுழன்றது. அந்த உலுக்கலில் தூசி பிடி நழுவி, நடுவிலிருந்து உருண்டுபோய்க் கண்ணாடியின் மூலையில் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பார்த்து மேற்கே ஒரே மேகம். வெற்று வானம் எடுக்க முடியவில்லை.

"நேத்து எடுத்தது இருக்கே மேடம், அதையே வச்சுச் சரிசெஞ்சுக்கலாம். ஒரே நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது?" என்றார் குழந்தைவேலு.

மேடம் என்றது டாக்டர் பிலோமினாவை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு கேலக்ஸியை, அதாவது கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிக் குடியிருக்கும் ஒரு ஊரை, ஆராய வந்தவர்கள். அந்த ஊரின் எல்லையில் மங்கலாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வருஷமாக மனுப் போட்டுப் போட்டு இந்த ஒரு வாரம் கிடைத்திருந்தது. இதிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கொஞ்சம் பொறுங்க சார், மேகம் கலையட்டும்" என்றார் பிலோமினா. மேகம் கலைந்தது. கலைந்தபோது வானம் பூரா நட்சத்திரம் பூத்துவிட்டிருந்தது. வெற்று வானம் போன இடம் தெரியவில்லை. மனசே இல்லாமல், "சரி, நேத்துப் படத்தையே போடுங்க" என்றார்.

அந்த ராத்திரி தூசி மூலையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தபோது, முதுகை யாரோ தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் சோகையாய் நாலைந்து வெளிச்சத் துளிகள்.

"தங்கச்சி, கொஞ்சம் நகர்றியா? உள்ளே போகணும்."

"யாரு நீங்க?"

"அந்தக் கேலக்ஸி ஓரத்துல ஒரு கிழட்டு நட்சத்திரக் கூட்டம் இருக்கு. அங்கிருந்து வர்றோம். கிளம்பி ஆறு கோடி வருஷம் ஆச்சு."

"ஆறு கோடி வருஷம் நடந்து வந்தவங்களுக்கு இன்னும் கொஞ்சம் நிக்க வலிக்குதா?" என்று சொல்லிவிட்டுத் தூசி இன்னும் நன்றாகக் காலை நீட்டிக்கொண்டது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பாழாய்ப்போன ஆத்திரம்தான்.

காலையில் டீ டம்ளரோடு வந்து திரையைப் பார்த்த குழந்தைவேலு, டீயைக் கீழே கொட்டினார். கேலக்ஸியைச் சுற்றி, கழுவி வைத்த வெள்ளித் தட்டின் விளிம்பு போல, ஒளி வளையம் ஒன்று ஜொலித்தது!

நடந்தது இதுதான். முந்தாநாள் எடுத்த வெற்று வானப் படத்தில் தூசி நடுவில் இருந்தது. 'அங்கே நிழல் விழும்' என்று நம்பிக் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டது. ஆனால் தூசி அங்கே இல்லை, நிழலும் இல்லை. கூட்டிப் போட்ட வெளிச்சம் மட்டும் வளையமாக மிஞ்சிவிட்டது.

"நட்சத்திர வளையம், மேடம்! இதுவரைக்கும் யாரும் பாக்காதது!" என்று குழந்தைவேலு குதித்தார்.

"மூலையில கறுப்பா ஒண்ணு இருக்கே சார், அது என்ன?"

"அது தூசி. சனியனை வெட்டி விட்டுடுவோம்." மூலையை வெட்டியும் விட்டார். இயக்குநருக்குப் போன் போட்டார். நாளைக் காலை பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் மலைக்கு வருவதாக முடிவானது.

"வரட்டும். ஆனா இன்னைக்குச் சாயங்காலம் வானம் தெளிவா இருந்தா வெற்று வானம் எடுத்து ஒரு தடவை சரிபார்த்துடணும். அதுக்கு முன்னால வாயைத் திறக்கக் கூடாது" என்றார் பிலோமினா.

"திறந்து ரொம்ப நேரம் ஆச்சு மேடம்" என்றார் குழந்தைவேலு, மிக்சரை மென்றுகொண்டே.

இத்தனையும் காதில் விழ, தூசிக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. நேரில் இருந்தால் சனியன். இல்லாமல் போனால் உலக அதிசயமாம். இன்னொரு பக்கம் பெருமை தாங்கவில்லை. கேபிள் வழியாகத் திரைக்குக் குரல் கொடுத்தது. "வளையம்! கண்ணே! நான்தான் உன்னைப் பெத்தவ!"

பெரிய கண்ணாடி அவசரமாகக் குறுக்கிட்டார். "சத்தம் போடாதே! நான் சொல்றதைக் கேளு. இன்னைக்கு அவங்க வெற்று வானம் எடுக்கிறப்ப நீ பழைய இடத்துல போய் உக்காந்துக்கோ. எடுத்து முடிச்சதும் மூலைக்கு ஓடி வந்துடு. தினமும் அப்படியே செய். வளையத்தை எவனாலும் அசைக்க முடியாது."

"உங்களுக்கு இதுல என்ன லாபம், பெரியவரே?"

"என் மேல இருக்கிற அலுமினியப் பூச்சு மங்கிப்போச்சு. பூசித் தாங்கன்னா மேலிடத்துல காதுலயே வாங்கிக்கல. வளையம் பேப்பர்ல வந்துட்டா மறுவாரமே பூசிடுவாங்க. உனக்கும் நல்லதுதான். தூசி தட்டுறவன் உன் பக்கமே வராம நான் பாத்துக்கறேன். நீ பாட்டுக்கு ஆயுசுக்கும் இருக்கலாம்."

சோதிக்கிற நேரத்தில் ஆஜர், மற்ற நேரத்தில் தலைமறைவு. தூசிக்கு இது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. சக்கரம் சுழலும்போது ஒரு குதி குதித்தால் போதும்.

"சரி, செய்யறேன். ஆனா அது ஒரே ஒரு தடவை என்னை அம்மான்னு சொல்லட்டும்" என்றது தூசி.

வளையம் திரையில் இருந்தபடியே ஒரு முறை மினுக்கிக்கொண்டது. "யார் பேசறது? தூசியா? நான் பத்துக் கோடி நட்சத்திரம் சேர்ந்த உடம்பு. எனக்கும் தூசிக்கும் என்ன சம்பந்தம்? மூலையை வெட்டினவர் இன்னும் கொஞ்சம் தாராளமா வெட்டியிருக்கலாம்."

ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற கதை. வெட்டி விட்ட மூலையிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"தங்கச்சி, நேத்து நாங்க எப்படியோ உன்னை இடிச்சுத் தள்ளிட்டு உள்ளே போயிட்டோம். ஆனா உன் நிழல்ல மாட்டி யாருக்கும் தெரியாம போயிட்டோம். இப்ப மூலையோட சேர்த்து வெட்டிட்டாங்க. ஆறு கோடி வருஷம் வந்தது கத்திரிக்கோலுக்கா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தூசியைச் சுட்டது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அழுதுகொண்டிருந்த தானே, இவர்களையும் யாரும் பார்க்க விடாமல் உட்கார்ந்திருந்தோமே என்று வெட்கமாகிவிட்டது.

சாயங்காலம் வந்தது. மேற்கே ஒரு பொட்டு மேகம் இல்லை. கூரை திறந்தது. சக்கரம் சுழல ஆரம்பித்தது.

"ம், குதி! நடுவுக்குப் போ!" என்று கண்ணாடி கத்தினார்.

"குதிடி!" என்று வளையமும் கத்தியது. இப்போது குரலில் ஒரு நடுக்கம். "அம்மா! அம்மான்னு வேணும்னாலும் சொல்றேன், குதி!"

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! தூசிக்கு நெஞ்சு ஒரு கணம் தடுமாறத்தான் செய்தது. ஆனால் அது குதிக்கவில்லை. மூலையை இறுகப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்தில் இருந்தது. உண்மையைச் சொல்ல அது அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

கேமரா எண்ணினதைச் சொன்னான்.

பிலோமினா புதிய வெற்று வானத்தை வைத்து நேற்றைய முழுப் படத்தையும் மறுபடி சரிசெய்தார். திரையில் கேலக்ஸி வந்தது. சுற்றி ஒன்றும் இல்லை. வளையம், "ஐயோ" என்று சொல்லக்கூட நேரமில்லாமல் போய்விட்டது.

குழந்தைவேலுவின் காது மடல் சிவந்தது. "தூசியா? முந்தாநாள் நடுவுல இருந்த தூசியா அது? மானம் போச்சே மேடம்!"

"நாளைக்குப் பத்து மணிக்குத்தான் சார் போயிருக்கும். இன்னைக்கே தப்பிச்சுடுச்சு. போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் பிலோமினா. மூன்று வருஷம்! துக்கத்தில் திரையை அணைக்கப் போனவர், கையை அப்படியே நிறுத்தினார். "சார், இந்த மூலையைப் பாருங்க."

தூசியின் நிழல் விலகிய இடத்தில், மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல, மங்கலாக ஒரு சின்னத் திட்டு இருந்தது.

இந்த முறை யாரும் குதிக்கவில்லை. அந்த ராத்திரி முழுக்க மறுபடி அதையே எடுத்தார்கள். தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார்கள். வானம் நகர்ந்த பக்கமே திட்டும் நகர்ந்தது. அப்படியானால் அது நம் வீட்டு அழுக்கு இல்லை, வானத்து நட்சத்திரக் கூட்டமேதான். தூசி இம்மியும் அசையவில்லை. முதுகில் தட்டியவர்களுக்கெல்லாம், "வாங்க வாங்க, இந்தப் பக்கமா இடம் இருக்கு" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தது.

காலையில் கேமராப் பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு டாக்டர்களும் தலையோடு தலை முட்டக் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

"அடேயப்பா, இத்துனூண்டா! இதுவா நம்மை இந்த ஆட்டு ஆட்டி வச்சது?" என்றார் குழந்தைவேலு.

தூசிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பார்த்துவிட்டார்கள்! படத்தில் இல்லை, நேரிலேயே பார்த்துவிட்டார்கள்! அது ஆனந்தத்தில் நிமிர்ந்து உட்காரவும், பிலோமினா ரப்பர் ஊதுகுழலை 'புஸ்'ஸென்று அழுத்தவும் சரியாக இருந்தது.

தூசி பறந்தது. பெரிய கண்ணாடி, "என் மேல விழாதே, என் மேல விழாதே" என்று பதறினார். அது அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, தனக்குப் பிடித்த மாதிரி ஒரு கண்ணாடியாகப் பார்த்து இறங்கிச் சம்மணம் போட்டது.

குழந்தைவேலு திரைக்கு முன்னால் உட்கார்ந்து ராத்திரிப் படத்தைத் திறந்தார். உடனே துள்ளி எழுந்தார். "மேடம்! மூலையில ஒரு கூட்டம்தானே பாத்தோம்? இப்ப ரெண்டு இருக்கு!"

பிலோமினா திரையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு வானத்துல இருக்கு சார். இன்னொண்ணு உங்க மூக்குக் கண்ணாடியில இருக்கு. முதல்ல துடைங்க, அப்புறம் கண்டுபிடிங்க."